பெரியதோர் எண்ணும் அதன் இரு காரணிகளும்

அறுபத்தேழு இரண்டுகளைத் தம்முட் பெருக்கி, முடிவில் ஒன்றைக் கழிப்போமாயின், 14,75,73,95,25,89,67,64,12,927 என்னும் எண் கிடைக்கும். இருபத்தோர் இலக்கமுடைய இவ்வெண்ணின் வரலாறு, இலக்கியம் பயிலும் நம்மனோர்க்கும் சுவை பயப்பதொன்றாம்.

தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 என்பன அத்தகையன. மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 257 வரையுள்ள அடுக்குக்களுள் எவை மேற்கூறிய முறையிற் பகா எண்ணைத் தருமெனத் தம் 1644-ஆம் ஆண்டு நூலொன்றிற் பட்டியலிட்டார். அதில் 67-உம் இடம்பெற்றது. இருநூறாண்டுக்கு மேலாக அதனைப் பிழையென்று நிறுவுவார் தோன்றிலர். பெரியோர் பெயர் சில வேளை கணக்கிற்கும் முத்திரையாய் விடுகின்றது போலும்!

1876-இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இது பகா எண்ணன்று என நிறுவினார். வியப்பு யாதெனின், இதனை வகுக்கும் எண் ஒன்றையேனும் அவர் காட்டினாரல்லர். காரணியைக் காணாது, காரணி உண்டென்று அறிவது எங்ஙனம்?

லூக்காஸ் தொடங்கி லேமர் 1930-இற் செப்பஞ்செய்த சோதனையைச் சிறிய எண்ணொன்றிற் காண்போம். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கழிக்க வருவது 31. நான்கு என்னும் எண்ணில் தொடங்குவோம். அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க, 14. அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க, 194. இதனை 31-ஆல் வகுக்க மீதி 8. அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க, 62; 31-ஆல் வகுக்க மீதி பூச்சியம். அடுக்கினும் இரண்டு குறைந்த முறை, ஈண்டு மூன்று முறை, செய்தபின் மீதி பூச்சியமாயின் அது பகா எண். அன்றேல் பகுபடும் எண். அடுக்கு இரண்டல்லாத பகா எண்ணாயிருத்தல் வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. நம் பேரெண்ணுக்கு அறுபத்தைந்து முறை செய்யின், மீதி பூச்சியமாவதில்லை.

காரணி காட்டாத இவ்வறிவு அரைகுறையானது என்பாருமுளர். நாம் அதற்கு உடன்படோம். உளதென்று துணிதல் வேறு. இன்னதென்று காட்டல் வேறு. முன்னதற்குப் பின்னது இல்லாமை குறையாகாது.

காட்டுதற்கோ மேலும் இருபத்தேழாண்டு சென்றது. இவ்வெண்ணை வகுக்கும் எதுவும் 134-ஆல் வகுக்க ஒன்று மீதமாகுமாறே அமைதல் வேண்டும். அங்ஙனம் சுருக்கியும் தேடவேண்டிய பரப்புப் பெரிது. அமெரிக்கரான கோல் என்னும் பேராசிரியர், வர்க்க மீதிகளின் துணையால் அதனை மேலும் சுருக்கித் தேடினார். 1903, அக்டோபர் 31-இல் நியூயார்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தார்முன் தம் முடிவை வைத்தார். அவர் வாய்திறவாது கரும்பலகையிற் கணக்கிட்டு அமர, அவையினர் கைதட்டினர் என்றும், மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் சென்றன எனப் பின்னர் அவரே கூறினார் என்றும் பெல் என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். (ஓய்வுநாளைக் கணக்கிற் செலவிடுதல் தகுமோ என்பதை நம் விடுதியார் விவாதிப்பாராக.)

அவர் கண்ட காரணிகள் 19,37,07,721-உம் 7,61,83,82,57,287-உம் ஆம். சிறியதே, 134-ஐ 14,45,580-ஆற் பெருக்கி ஒன்று கூட்டிய எண். இந்நாட் கணிப்பொறி இவற்றை நொடிப்பொழுதிற் காணும். எனினும் அறுநூறு இலக்கங்களைக் கடந்த பகு எண்களைப் பிரித்தல் அரிதாதலாலன்றோ, இணையவழிச் செய்திகளைக் காக்கும் பூட்டுக்களுட் சில அவ்வருமையின்மேல் அமைந்துள்ளன! கோலின் விடையில் ஐயமுடையார் தாளும் பென்சிலும் கொண்டு அவ்விரண்டையும் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.