சிவனொளிபாதமலை: சமதரையில் பிறந்தவர்கள் ஏறும் மலை

கொக்குவிலில் ஏறுவதற்கு மேடு கிடையாது. குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல் தரை. கீரிமலையில்கூட மலை பெயரில்தான் இருக்கிறது. மலை பார்க்க ஆனையிறவைத் தாண்ட வேண்டும். போர்க்காலத்தில் அதற்குப் பாஸ் வேண்டும்: முதலில் புலிகளுடையது, 1996க்குப் பிறகு இராணுவத்தினுடையது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அது கொக்குவிலைக் கடந்து காங்கேசன்துறை வரை ஓடியது 2015 ஜனவரியில்தான். இடையில் வளர்ந்த பலர் மலையைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

சிவனொளிபாதமலை என்றதும் "அது சிங்களவரின் மலைதானே" என்பவர்கள் எங்களிடையே உண்டு. 1344இல் மொரோக்கோ பயணி இபின் பதூதா இந்தத் தீவில் இறங்கியபோது, மலையிலுள்ள ஆதத்தின் பாதத்தைப் பார்க்க வழி கேட்டது யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியிடம். அரசன் பல்லக்குக் கொடுத்தான். நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் உணவு சுமக்க 15 பேரையும் கூட அனுப்பினான். அந்த யோகிகள் ஆண்டுதோறும் மலைக்குப் போய்வருபவர்கள் என்றும் பதூதா எழுதியிருக்கிறார். பின்னர் சைவத்தைத் தழுவிய சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பிக்குமாரிடம் ஒப்படைத்தான். இன்றும் நிர்வாகம் அவர்களிடமே. ஏறும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

பருவகாலம் மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை. அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போக வேண்டும். வழிநெடுகத் தேயிலைத் தோட்டங்கள். லயன்களிலிருந்து தமிழ் கேட்கும். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர், 5,500 படிகள். உயரம் 2,243 மீற்றர். இரத்தினபுரி வழி இதைவிட நீளம், கடினம். முதல்முறை போகிறவர்கள் அதை விட்டுவிடலாம்.

இரவு ஒன்று, இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சூரிய உதயத்துக்கு மேலே நிற்கலாம். ஏற மூன்று, நான்கு மணித்தியாலம் ஆகும். பருவகாலத்தில் பாதை முழுக்க மின்விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். ஏறும்போது வேர்க்கும்; உச்சியில் நின்றதும் அந்த ஈரச் சட்டையே நடுங்க வைக்கும். எங்கள் ஊர் மார்கழிக் குளிரை நினைத்துக்கொண்டு போகக்கூடாது. மாற்றுச் சட்டை, கம்பளித் தொப்பி, தண்ணீர் கட்டாயம் வேண்டும்.

பலர் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். படிக்குப் படி உடம்பின் பாரம் முழுவதும் முட்டியில் இறங்கும். காலில் பழைய காயம் உள்ளவர்கள், ஷெல் துண்டு உள்ளே இருப்பவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்பது நல்லது. ஊன்றுகோல் எடுங்கள். போயா நாளையும் சனி, ஞாயிறையும் தவிருங்கள். அந்த நெரிசலில் நின்று இளைப்பாற இடம் கிடைக்காது. பாதிவழியில் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ்ப்பகுதியில் சீத கங்குல ஆறு வரை போய்க் கால் நனைத்து வந்தாலும் நல்ல நடைதான்.

உச்சிக்குப் போனவர்கள் கிழக்கை மட்டும் பார்த்துவிட்டு இறங்க வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால், சூரியன் எழுந்த சற்று நேரத்தில் மேற்குப் பக்கம் மலையின் நிழல் முக்கோணமாக விழும். சில நிமிடங்களில் அது சுருங்கிப் போய்விடும்.