ஸ்கேனர் சொல்வது பாதி

ஊர் மெக்கானிக்கை விட்டு, குறிப்பிட்ட ரகக் கார்களை மட்டுமே பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட் வொர்க்‌ஷாப்பைத் தேடிப் போகிறவர், கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தேதான் போகிறார். அங்கே சென்சார் மாற்றி, பெரிய பில்லைக் கட்டி வண்டியை எடுத்துவந்த சில நாளில் ‘செக் என்ஜின்’ விளக்கு மறுபடி எரிந்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையான வொர்க்‌ஷாப்பிலும் இது நடக்கக்கூடும் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பாகத்துக்கு விலை உண்டு, மாட்டுவதற்குக் கூலி உண்டு. கோளாறைக் கண்டுபிடிப்பதற்குப் பல இடங்களில் பில்லில் ஒரு வரிகூட இருப்பதில்லை. கூலி இல்லாத அந்த வேலை அவசரத்தில்தான் முடியும்.

ஸ்கேனரில் பி0171 என்ற கோட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது மட்டுமே அதன் பொருள். வேக்குவம் ஹோஸில் வெடிப்பு, ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, பலம் குறைந்த பெட்ரோல் பம்பு, அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். எது என்று கோட் சொல்லாது. ஆனால் கலவையைச் சரிக்கட்ட என்ஜின் கணினி (ஈசியு) பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ‘ஃப்யூல் ட்ரிம்’ என்ற எண்ணும் அதே ஸ்கேனரில் ஓடுகிறது. வண்டி ஐடிலில் நிற்கும்போது அது 20 சதவீதத்தைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனதும் இறங்கினால், எங்கோ காற்று கசிகிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஐடிலில் என்ஜின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால், கசிந்து வரும் காற்றின் பங்கு அப்போது பெரிதாகத் தெரியும். மாறாக, மேடேறும்போது எண் கூடினால் பம்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். கசிவின் இடத்தை ஸ்மோக் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். இன்டேக்குக்குள் செலுத்திய புகை வெடிப்பின் வழியே வெளியே வரும். இதற்கெல்லாம் நேரமும் பொறுமையும் வேண்டும். ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி மாட்டுவது அதைவிடச் சுலபம். நிலவரத்தைச் சரியாகச் சொன்ன சென்சாரையே குற்றவாளியாக்கி மாற்றினால், கசிவு அப்படியே இருக்கும்.

திறந்து பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. என்ஜின் சூடேறினால் மட்டும் தலைகாட்டும் வயரிங் கோளாறு எவரையும் அலைக்கழிக்கும். ஆனால் “இது அனுமானம்தான், மாற்றிப் பார்க்கட்டுமா” என்று கேட்பதும், தீர்ப்பு சொல்வதுபோல் சொல்லி மாற்றுவதும் ஒன்றல்ல. கார் கம்பெனிகள் தகவலைப் பூட்டி வைத்திருக்கின்றன என்ற இன்னொரு புகாரும் பொய்யல்ல. வெளி வொர்க்‌ஷாப்புகளுக்கு அசல் ஸ்பேரும் சோதனைக் கருவிகளும் கிடைக்காதபடி செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் போயின. ஈசியு புரோகிராமிங் போன்ற வேலைகளில் இந்தத் தடை நிஜமானது. ஃப்யூல் ட்ரிமோ சாதாரண ஸ்கேனரிலேயே தெரிவது, அதைப் படிக்காமல் விட்டதற்கு இந்தக் காரணம் பொருந்தாது. மிச்சமிருக்கும் ஆட்சேபம் நம்மைப் பார்த்துச் சொல்லப்படுவது: “சும்மா பார்த்ததற்கா காசு?” என்று கேட்பவர்கள் வாடிக்கையாளர்கள்தானே? உண்மைதான். அந்தக் காசைக் கொடுக்க நாம் பழக வேண்டும் என்றே சொல்வேன். தேவையில்லாத ஒரு சென்சாரின் விலையைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

அப்படிக் கொடுக்கும்போது கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது. என்ன சோதனை செய்தார்கள், என்ன அளவு வந்தது, அதிலிருந்து இந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று எப்படி முடிவு செய்தார்கள் என்பது ஜாப் கார்டில் எழுத்தில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டும் பில் தராமல் இருப்பது, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தெரிந்தே முக்கியத் தகவலை மறைப்பதும் அதே சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்குள் வருகிறது. 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஆனால் விளக்கு மறுபடி எரிந்தது என்பது மட்டும் அங்கே போதாது, புதிதாக வேறொரு கோளாறு வந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட முடியும். முதல் நாள் எடுத்த அளவுகள் ஜாப் கார்டில் இருந்தால், அதே கோளாறுதானா என்று இன்னொரு மெக்கானிக் ஒப்பிட்டுப் பார்த்து எழுதித்தர முடியும்.