இணையப் பெயரும் இரண்டாம் ஆண்டுக் கட்டணமும்

காணியொன்றைக் குத்தகைக்கு எடுப்பவர், முதலாண்டுக் குத்தகையை மட்டும் கேட்டுவிட்டுக் கைச்சாத்திடுவதில்லை. அடுத்த தவணைக்கு எவ்வளவு என்பதையும் விசாரித்தே காசை எண்ணி வைப்பார். இணையத்திலே ஒரு பெயரைப் பதியும்போது மட்டும் இம்முன்யோசனை நம்மைக் கைவிட்டு விடுகின்றது. அப்பெயரும் குத்தகைப் பொருளே என்பதைப் பலர் அறியார்.

நாமும் அறியாதிருந்தவர்களே. பழைய மாணவர் சங்கத்துக்கென ‘டொட் கொம்’ என முடியும் பெயரொன்றைப் பதிவித்தோம். முதலாண்டுக் கட்டணம் இரண்டு டொலர். மறு ஆண்டு கேட்கப்பட்டதோ அதைப்போற் பத்து மடங்கு. நினைவூட்டற் கடிதங்கள் யாவும், பெயரைப் பதிந்து தந்த இளைஞரின் பழைய மின்னஞ்சலுக்கே சென்றன. அவரோ வேலை தேடிக் கடல் கடந்துவிட்டார். பெயர் காலாவதியாயிற்று. பதிவாளருக்கு நாம் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ஒரே அச்சுப் பதிலே வந்தது. ஈற்றில் தண்டம் செலுத்தியே பெயரை மீட்டோம்.

இதன் கணக்கை ஆராய்வோம். ‘டொட் கொம்’ பெயர்களின் மூலப்பதிவேடு வெரிசைன் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் உள்ளது. நமக்குப் பெயரை விற்போர் பதிவாளர்கள். 1995இல் இத்தொழில் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தபோது இரண்டாண்டுக்கு 100 டொலர் அறவிடப்பட்டது. 1999இல் போட்டி புகுந்தது, விலை சரிந்தது. எனினும் எந்தப் பதிவாளராயினும் வெரிசைனுக்குச் செலுத்தும் ஆண்டுத் தொகை ஒன்றே. அது 2024 செப்டெம்பரில் 10.26 டொலராயிற்று. ஆகவே இரண்டு டொலருக்குப் பெயர் தருபவர் முதலாண்டில் நட்டமடைகின்றார். அந்நட்டத்தை இரண்டாம் ஆண்டு முதல் நம்மிடமே அறவிடுகின்றார்.

இதற்கு மாறாக, கிளவுட்பிளெயர் நிறுவனம் 2018 முதல் இலாபம் வையாது அடக்கவிலைக்கே பெயர்களைப் பதிந்து வருகின்றது. ஆனால் பெயரைத் தளத்துடன் இணைக்கும் வழிகாட்டிச் சேவையையும் அதனிடமே வைத்திருத்தல் வேண்டும். வேறு சிலர் சற்றுக் கூடுதலாக வாங்கினும், தொலைபேசியில் மனிதக் குரல் விடையளிக்க ஏற்பாடு செய்துள்ளனர். தொழில்நுட்பம் அறிந்தவருக்கு முன்னையது இலாபம். அறியாதவருக்குப் பின்னையதே மலிவு.

நமக்கும் சில உரிமைகள் உண்டு. உலகப் பெயரொழுங்கைப் பேணும் ஐகான் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், தவறினால் அதன்பின் ஐந்து நாளுக்குள்ளும் பதிவாளர் அறிவித்தல் வேண்டும். நீக்கப்பட்ட பெயரை மீட்க 30 நாள் அவகாசமும் உண்டு. பதிவாளரைப் பிடிக்காவிடின் வேறொருவரிடம் மாறலாம். மாற்றத்துக்கான இரகசியக் குறியீட்டை, கேட்ட ஐந்து நாளுக்குள் அவர் தந்தாக வேண்டும். புதியவரிடம் செலுத்தும் பணமும் வீணாவதில்லை. தவணையில் ஓராண்டு கூடும்.

ஆதலால், பெயர் பதிய விரும்பும் அன்பர்கள் முதலில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேளுங்கள். பின்னர் மீட்புத் தண்டம் எவ்வளவு என்று கேளுங்கள். பணம் கட்டுமுன் ஒரு சிறு சந்தேகத்தை எழுதியனுப்பி, பதில் வரும் வேகத்தையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் பெயரைத் தனியொருவரின் மின்னஞ்சலில் தொங்கவிடாதீர்கள். நாம் செலுத்திய தண்டம் பதிவாளரின் பேராசைக்கு மட்டுமன்று. நமது கவலையீனத்துக்கும் சேர்த்தேயாம்.