கூர்நோக்கு இல்லத்தில் கண்ணும் காதும்

பொங்கலன்று அவனியாபுரத்தில் நடக்கும் ஜல்லிக்கட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். மொட்டை மாடியில் இடம் பிடித்து, உங்கள் தெருக் காளை எப்போது வாடிவாசலை விட்டு வரும் என்று காலை முதல் காத்திருக்கிறீர்கள். காளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு மணி நேரம் போகிறது, இரண்டு மணி நேரம் போகிறது. கடைசியில் அந்தக் காளை வந்து போனதும் பக்கத்தில் இருப்பவர், "போயிருச்சே, பார்க்கலையா?" என்று கேட்கிறார். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நீங்கள் பார்க்கவில்லை!

இது உங்கள் குற்றமன்று. கண்ணும் மூளையும் சேர்ந்து செய்யும் வேலையின் இயல்பு அது. ஜல்லிக்கட்டில் இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால், இருபத்தைந்து சிறுவர்கள் உறங்கும் கூடத்தை இரவு முழுதும் கவனிக்க வேண்டிய ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?

கல்லூரியில் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அப்படிப்பட்ட வேலையில் சேர்ந்தார். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் இல்லம் ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனியாபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தவர், "சார், பையன்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. என் கண்ணையும் காதையும்தான் நம்ப முடியவில்லை. ராத்திரி என் அறையிலிருந்து பார்த்தால் கூடம் தெரிவதில்லை. அங்கே பேசுவதும் புரிவதில்லை. நான் சத்தம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது" என்றார். அவருக்குச் சொல்வதற்காக நான் தேடிப் படித்தவற்றையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

சிறை அன்று

முதலில் இந்த இல்லம் எது என்று தெரிந்துகொள்வோம். நம் மக்கள் 'சீர்திருத்தப் பள்ளி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதில் நம் மாநிலம் முந்திக்கொண்டது. 1920ஆம் ஆண்டிலேயே சென்னைச் சிறுவர் சட்டம் வந்துவிட்டது. வங்காளத்தில் 1922இலும், பம்பாயில் 1924இலும்தான் இத்தகைய சட்டங்கள் வந்தன. இப்போது நாடு முழுதும் நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

18 வயது நிறையாத ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தால், அவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் இதில் சேராது. அந்தக் குழுமத்தில் ஒரு நடுவரும், சமூகப் பணியாளர் இருவரும் இருப்பார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீனில் விடப்படாத சிறுவர்கள், விசாரணை முடியும்வரை தங்கும் இடமே கூர்நோக்கு இல்லம். விசாரணைக்குப் பின் குழுமம் ஆணையிட்டால் அனுப்பப்படும் இடம் சிறப்பு இல்லம். அங்கே தங்கும் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது.

ஆகவே, கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையன் குற்றம் செய்தானா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சன்னல் ஆடியாகும் இரவு

என் மாணவரின் முதல் கேள்விக்கு விடை ஒளியியலில் இருக்கிறது. அவர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே கண்ணாடிச் சன்னல் ஒன்று. பகலில் எல்லாம் தெரியும். இரவில் அவருக்குத் தம் முகமே தெரிகிறது.

சன்னல் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. முன்பக்கம் 4, பின்பக்கம் 4. அவர் அறையில் 200 லக்ஸ் வெளிச்சம், கூடத்தில் இரவு விளக்கின் 2 லக்ஸ் வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அறையின் வெளிச்சத்தில் 8 விழுக்காடு என்றால் 16. கூடத்திலிருந்து கண்ணாடியைக் கடந்து வருவது 2க்கும் குறைவு. பிம்பம் காட்சியை எட்டு மடங்குக்கு மேல் மூழ்கடித்துவிடுகிறது! ஆனால் கூடத்தில் படுத்திருக்கும் பையன்களுக்கோ, அவர் மேடை நாடகத்து நடிகர் போலத் தெளிவாகத் தெரிவார்.

சரி, எழுந்து கூடத்துக்குள் போனால்? அங்கும் உடனே பார்வை வராது. மங்கலான ஒளியில் பார்க்க உதவுபவை விழித்திரையிலுள்ள கோல் செல்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தபின் அவை முழுத்திறன் பெற 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். எனவே, அறை விளக்கைக் குறைத்து, மேசை மேல் மட்டும் விழும்படி ஒரு மங்கலான சிவப்பு விளக்கை வைத்துக்கொள்ளச் சொன்னேன். சிவப்பு ஒளி கோல் செல்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

எதிரொலிக்கும் கூடம்

இரண்டாவது கேள்வி காதைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் 25 சிறுவர்களுக்கு 1000 சதுர அடியில் ஓர் உறங்கும் கூடம் வேண்டும் என்கின்றன. இது சுமார் 93 சதுர மீட்டர். உயரம் 3 மீட்டர் என்றால் கன அளவு 279 கன மீட்டர். சிமெண்டுச் சுவரும் தரையும் தம் மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கையே உறிஞ்சும். மீதி திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

ஒலி அடங்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட வழி கண்டவர் வாலஸ் சாபின் என்னும் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. சாபின் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையின் மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதியாகும்.

நம் கூடத்துக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 6 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு. 25 சிறுவர்களின் உடலும் உடையும் சேர்ந்து 10. ஆக 16. விடை 2.8 விநாடி! நாம் பேசும்போது ஒரு விநாடிக்கு நான்கைந்து அசைகளாவது வருகின்றன. முதல் சொல் அடங்குமுன் நான்கு சொற்கள் அதன்மேல் ஏறிவிடும். வகுப்பறையில் இந்த நேரம் 0.6 விநாடிக்குள் இருந்தால்தான் பாடம் தெளிவாகக் கேட்கும்.

இரைச்சலில் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். இதை லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விளக்கினார். ஒருவன் உயர்த்தினால் அடுத்தவனும் உயர்த்துகிறான். வெளியிலிருந்து கேட்பவருக்கு அது சண்டையாகப் படுகிறது. அவரும் உள்ளே வந்து கத்துகிறார். சாதாரணப் பேச்சு இப்படித்தான் கைகலப்புவரை போய்விடுகிறது.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. திறந்த சன்னல் தன்மேல் விழும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும். கம்பி போட்ட சன்னலாக இருந்தாலும் 8 சதுர மீட்டர் திறந்தால் உறிஞ்சு பரப்பு 24 ஆகும். நேரம் 1.9 விநாடியாகக் குறையும். சுவரில் கோரைப்பாயோ கனத்த துணியோ தொங்கவிட்டால் இன்னும் குறையும். அதைவிட எளிய வழி ஒன்றுண்டு. பத்தடி தூரத்திலிருந்து கத்தாமல், பையனின் அருகே போய் மெல்லப் பேசுவதுதான் அது.

அரை மணி நேரக் கண்

விளக்கையும் சன்னலையும் சரிசெய்துவிட்டோம். இனி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம் அப்படித்தான் நினைத்தார். நடுவே ஒரு கோபுரம், சுற்றிலும் வட்டமாக அறைகள். ஒரே காவலர் எல்லாரையும் பார்க்கலாம். இன்றைய கேமராக்களும் அந்தக் கோபுரத்தின் வாரிசுகள்தாம்.

அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு கடிகாரம். இரண்டாம் உலகப்போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வீரர்கள் ஏன் புள்ளிகளைத் தவறவிடுகிறார்கள் என்று கேம்பிரிட்ஜில் நார்மன் மாக்வொர்த் ஆராய்ந்தார். விநாடிக்கு ஒரு முறை துள்ளும் முள் ஒன்று. எப்போதாவது அது இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் வெளியான அவருடைய முடிவு இதுதான்: முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு, பார்ப்பவர் தவறவிடுவது தெளிவாகக் கூடுகிறது. அக்கறை உள்ளவருக்கும் இதே கதிதான்.

இடையே ஓய்வும் வேலை மாற்றமும் கிடைத்தால் கவனம் மீள்கிறது. ஆகவே மேற்பார்வையாளர் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கக் கூடாது. அரை மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். தலை எண்ணினால் மட்டும் போதாது, முகம் முகமாகப் பார்க்க வேண்டும். இருவர் முறை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் மூளை

இனி எதிரே இருக்கும் பையனைப் பார்ப்போம். அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தில் ஜே கீட் என்பவரும் உடனிருந்தோரும் ஒரே சிறுவர்களின் மூளையை ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி, பின்விளைவை எண்ணிப் பார்த்து 'பொறு' என்று சொல்லும் பகுதி. அது பதின்பருவம் முழுதும் மாறிக்கொண்டே இருப்பதை அவர்கள் கண்டார்கள். அது முதிர இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் பிடிக்கிறது. ஆசையையும் சினத்தையும் கிளப்பும் பகுதிகளோ அதற்கு முன்பே முழு வேகம் பெற்றுவிடுகின்றன.

2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 306 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். கணிப்பொறித் திரையில் கார் ஓட்டும் விளையாட்டு அது. தனியாக ஓட்டியதைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது சிறுவர்கள் மிகுதியாகத் துணிந்தார்கள். 24 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை எனலாம். தனியாக இருக்கும்போது சாது, நாலு பேர் பார்த்தால் வாடிவாசல் வேலியைத் தாண்டிக் குதிப்பவன். இப்படி ஒரு பையன் உங்கள் தெருவிலும் இருப்பான் அன்றோ?

இதிலிருந்து மேற்பார்வையாளர் கற்க வேண்டியது ஒன்று உண்டு. மற்றவர் முன்னிலையில் ஒரு பையனை அவமானப்படுத்தினால், அவன் பணிய மாட்டான். எதிர்த்து நின்றே தீருவான். தனியே அழைத்துக் கேட்டால் அதே பையன் அழக்கூடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. குற்றச்செயல் இளமையில் ஏறி, வயது ஏற ஏறத் தானே இறங்குகிறது என்று 1831இலேயே புள்ளிவிவரத்தால் காட்டியவர் பெல்ஜிய வானியலாளர் கெத்தலே. பிற்கால ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்துகின்றன. பெரும்பாலான சிறுவர்கள் இந்த வளைகோட்டில் இறங்கிவிடுவார்கள். இறங்கும்வரை அவர்கள் உடலும் மனமும் உடையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். செய்ததற்குப் பொறுப்பே இல்லை என்று இதற்குப் பொருளன்று. திருந்தும் வாய்ப்பு மிகுதி என்பதே பொருள்.

செங்கல்பட்டில் நடந்தது

அந்த வாய்ப்பு ஒருவனுக்குக் கிடைக்காமலே போயிற்று. 2022 டிசம்பர் இறுதியில், திருட்டுக் குற்றச்சாட்டில் செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட 17 வயதுச் சிறுவன், சில நாட்களுக்குள், டிசம்பர் 31 அன்று இறந்தான். அடித்ததால் இறந்தான் என்ற வழக்கில் இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். 2023இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தி, இத்தகைய இல்லங்களின் நிலையை அரசு ஆராயச் செய்தது.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, ஒழுங்குபடுத்துவதற்காக என்று சொல்லி இல்லத்தில் சிறுவரை அடிப்பதே குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மீண்டும் செய்தால் மூன்று மாதம்வரை சிறை. வேலையும் போகலாம்.

ஆனால் தண்டனைக்கு அஞ்சுவதால் மட்டும் கை அடங்கிவிடாது. தூக்கமின்றி, இரைச்சலில், தெரியாததையும் கேட்காததையும் ஊகித்துக்கொண்டு தனியே நிற்கும் மனிதரின் கைதான் முதலில் ஓங்கும். அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் வசதி செய்து, மாற்றாள் கொடுப்பது சிறுவர்களைக் காக்கும் வேலையில் பாதி.

என் மாணவர் இரண்டு மாதம் கழித்து மீண்டும் வந்தார். அறை விளக்கு மாறியிருக்கிறது. நடந்து சுற்றுகிறார். "இப்போது பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன் சார். யார் சாப்பிடவில்லை, யார் இரண்டு நாளாகப் பேசவில்லை என்று தெரிகிறது" என்றார்.

ஆய்வகத்தில் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது கூர்ந்து நோக்குவதைத்தான். வெறித்துப் பார்ப்பது நோக்குவது ஆகாது. என்ன மாறியிருக்கிறது என்று அறிவதே நோக்கு. அந்த இல்லத்துக்குப் பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். உங்களில் யாராவது நாளை அந்த வேலைக்குப் போனால், சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ளுமுன் பையன்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.