திருவிழா மேடைக்கு எந்த பிக்கப்?

சித்திரை பிறந்துவிட்டால் குத்தாலம் சுற்றுவட்டாரத்தில் தாளடி அறுத்த வயல்களில் மேடைகள் முளைக்கின்றன. ஒரு பக்கம் ஜெனரேட்டர், மறுபக்கம் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயர் அடுக்கு, தலைக்கு மேலே சீரியல் செட் விளக்குகள், இடையில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் ஒயர்கள். இந்த மேடையில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஏறுகிறவருக்குப் பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஒரு தொல்லை காத்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் ரீங்காரம் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக, தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பின் செப்புக் கம்பிச் சுருளுக்குள் புகுந்து, ஸ்பீக்கர் வழியே ஊர் முழுக்கக் கேட்கும்.

இதற்கு மருந்து கண்டவர் கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர். 1955-இல் அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் அருகருகே இருக்கும். சுற்றிய முறையும் காந்த முனையும் ஒன்றுக்கொன்று எதிர். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரண்டு சுருளிலும் எதிரெதிராக விழுந்து அடிபட்டுப் போகும். தந்தியின் ஓசையோ இரண்டிலும் ஒரே திசையில் சேர்ந்து வலுக்கும். ஆகவே ரீங்காரம் போனால் போதும் என்கிறவருக்கு எந்த நல்ல ஹம்பக்கரும் போதும். கூடுதல் மின்னழுத்தம் தரும் ‘ஹை அவுட்புட்’ பிக்கப் என்பது தனிக் கதை.

அது 1972-இல் டிமார்ஸியோவின் ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ பிக்கப்போடு தொடங்குகிறது. ராக் கலைஞர்களுக்கு வால்வு ஆம்ப் உறுமவேண்டியிருந்தது. பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் கூடினால் ஆம்பின் முதல் வால்வு சீக்கிரமே திணறும். அந்தத் திணறல்தான் அவர்கள் தேடிய ஓசை. எனவே அதிகச் சுற்று, வலுவான செராமிக் காந்தம். பின்னால் வந்த சீமோர் டங்கன் ஜேபி, ஈஎம்ஜி 81 எல்லாமே வெவ்வேறு முறையில் அதே உயர்ந்த அவுட்புட்டை நாடியவை.

இப்போது நம் மேடையைப் பாருங்கள். வால்வு ஆம்ப் எங்கே இருக்கிறது? கிட்டாரிலிருந்து ஒரு ஒயர் பிராசஸருக்கு, அங்கிருந்து நேரே மிக்ஸருக்கு. டெல்டாவின் பல இன்னிசைக் கச்சேரிகளில் இதுதான் ஏற்பாடு. பிராசஸரின் வாசலில் வால்வு கிடையாது. அளவுக்கு மீறிய சிக்னல் வந்தால் அது உறுமாது, கரகரக்கும். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வை நேயர் விருப்பமாகக் கேட்டால், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் துலங்க வேண்டும். அடுத்த பாட்டே குத்துப் பாட்டாக இருக்கும். ஒரே கிட்டார் இரண்டையும் தாங்கவேண்டிய இந்த மேடைக்கு, உச்ச அவுட்புட் பிக்கப் பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் முடிவு. எதிர்வாதமும் நியாயமானதுதான்: கிட்டாரைத் தாண்டி, நீண்ட ஒயரில் ஏறும் இரைச்சலுக்கு முன்னால் வலுவான சிக்னல் நிமிர்ந்து நிற்கும். ஹெவி மெட்டல் மட்டுமே வாசிக்கிற பையனுக்கும் நான் தடை சொல்லமாட்டேன்.

வாங்குகிறவர்கள் ஏமாறுவது ‘கிலோ ஓம்’ கணக்கில். பழைய கிப்ஸன் ஹம்பக்கர் 7 முதல் 9 வரை காட்டும். சூப்பர் டிஸ்டார்ஷன் 13-க்கு மேல். ஜேபி 16-க்கு மேல். எண் பெரிதானால் சத்தமும் பெரிது என்று கடைக்காரரே சொல்லக்கூடும். உண்மை அதுவல்ல. 42 கேஜ் கம்பியை விட்டு 43 கேஜுக்குப் போனாலே அதே நீளத்துக்கு மின்தடை கால் பங்கு கூடிவிடும். ஒரு சுற்றுகூட ஏறியிருக்காது. இன்னொன்று, செம்பின் மின்தடை வெயிலில் ஏறும். 20 டிகிரியில் 16 கிலோ ஓம் காட்டும் பிக்கப்பைக் கத்தரி வெயிலில், 38 டிகிரியில் அளந்தால் 17-ஐத் தாண்டும். அதற்காக அது கூடுதலாக முழங்கப்போவதில்லை. மல்டிமீட்டரால் கம்பி அறுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். ஓசையைக் கண்டுபிடிக்க முடியாது.

கேட்க வேண்டிய எண் ஹென்றி கணக்கு, அதாவது சுருளின் தூண்டல் திறன். 600 பிக்கோஃபாரட் மின்தேக்கம் உள்ள ஒயரில், 4.5 ஹென்றி பிக்கப்பின் கூர்மை ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில் உச்சம் தொடும். 8 ஹென்றியானால் அந்த உச்சம் 2,300-க்கு இறங்கிவிடும். அதற்கு மேலுள்ள பளபளப்பு மங்கும். சுற்று கூடக் கூட நடு ஸ்தாயி தடிக்கிறது, மேலே அடைக்கிறது. ஒயர் நீளமானால் இன்னும் அடைக்கும்.

எண்களைத் தாண்டிக் காதை நம்பியதற்கு உதாரணம் பக்கத்திலேயே உண்டு. ரயில் பாதையில் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை. அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிட்டத்திலேயே திருவாவடுதுறை. அவ்வூர் நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை, உச்ச சுருதியில் பீறிடும் குட்டையான திமிரியை விட்டு, நீண்ட, கனத்த பாரி நாதஸ்வரத்துக்கு வந்தவர். அவருக்காகக் கருவியைத் திருத்தித் தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசிக்கிறவரின் காது கேட்டதை ஆசாரியின் கை செய்தது. கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறவர்களுக்கு இன்னும் நுட்பமான தேவை இருக்கிறது. நான்கு ஜோடித் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார் யு.ஸ்ரீநிவாஸ், எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலையைச் செய்கிறவர் பிரசன்னா. வீணையில்போல ஒரே ஃப்ரெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்கள் பிடிக்கும்போது, தந்தி பிக்கப்பின் திருகுமுனையை விட்டு நகர்ந்துவிடும். சில பிக்கப்களில் அங்கே ஓசை தாழும். திருகுகளுக்குப் பதில் நீளத் தகடு வைத்த பிக்கப்பில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. காந்தம் மிக வலுவாக, மிக அருகில் இருந்தாலோ தந்தியையே இழுத்துப்பிடித்து, கார்வையைக் குறைத்துவிடும், சுருதியும் கலங்கும். கமகத்துக்கு உயிரே கார்வைதானே.

சோதிக்கும்போது முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். இரண்டு பிக்கப்களை ஒப்பிட்டால் பெரிதாகக் கேட்பதே நல்லதென்று காது நம்பிவிடும். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் தந்திக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டர் விடுங்கள். வலுவான பிக்கப்பை இன்னும் கொஞ்சம் இறக்கலாம். பிறகு வால்யூம் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்து ஒரு கார்டு தட்டுங்கள். ஓசை தெளிந்தால் அந்த பிக்கப் மேடைக்கு உதவும். வெறுமனே மங்கினால் யோசியுங்கள். இதையெல்லாம் வீட்டு ஹெட்போனில் செய்து முடிவெடுக்காதீர்கள், மைக்செட்காரரின் ஸ்பீக்கரில் கேளுங்கள். ஈஎம்ஜி போல 9 வோல்ட் பேட்டரி வைத்ததை வாங்கினால், கச்சேரி முடிந்ததும் ஜாக்கைக் கழற்றுங்கள். செருகியே கிடந்தால் பேட்டரி தீரும்.

புதிய பிக்கப் போட்ட பிறகும் கொர்ரென்று சத்தம் கேட்டு, தந்தியைத் தொட்டதும் அது அடங்கினால், கோளாறு கிட்டாரின் ஷீல்டிங்கிலோ மேடையின் எர்த்திலோ இருக்கலாம். ஹம்பக்கர் தடுப்பது காந்தப் புலத்தின் ரீங்காரத்தை மட்டுமே. கிட்டார் தந்திகள் பொதுவாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. ஜெனரேட்டருக்குச் சரியான எர்த் இல்லாமல், ஈர வயலில் நின்று, ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால் உயிருக்கே ஆபத்து. பிக்கப்புக்குச் செலவழிக்கும் முன் எலெக்ட்ரீஷியனிடம் எர்த் கம்பியைக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டரை மைக் தலையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால், எவ்வளவு பெரிய கமிட்டி கூப்பிட்டாலும் மேடை ஏறாதீர்கள்.