ஹைலைட்ஸ் பார்த்து தீர்ப்பு சொல்லலாமா?

நேத்து மேட்ச் பார்க்க முடியலை. காலையில கேன்டீன்ல உட்கார்ந்து ஹைலைட்ஸ் பார்க்கறீங்க. நாலு சிக்ஸர், மூணு விக்கெட். 'செம மேட்ச்டா!'ன்னு கமென்ட் வேற. ஆனா, நடுவுல ரன்னே கொடுக்காம கட்டிப்போட்டாங்களே பத்து ஓவர், அதுதான் மேட்ச்சையே திருப்பியிருக்கும். அது ஹைலைட்ஸ்ல வரவே வராது!

அமெரிக்க அதிபர் தேர்தலில் நடக்கும் டி.வி. விவாதங்களும் இப்படித்தான். ஒன்றரை மணி நேரம் பேசுவதைவிட, அதில் எந்த இருபது விநாடியை சேனல்கள் மறுநாள் முழுக்க ஓட்டுகின்றன என்பது முக்கியமாகிவிடுகிறது. நம்ப முடியலையா? கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுவோம்.

வெளிறிப்போன நிக்ஸன்

1960 செப்டம்பர் 26, சிகாகோ. கென்னடியும் நிக்ஸனும் மோதிய முதல் டி.வி. விவாதம். பார்த்தவர்கள் சுமார் 7 கோடி பேர். முழங்காலில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த நிக்ஸன் இளைத்து, வெளிறிப்போய் இருந்தார். கென்னடியோ பளிச்!

'டி.வி. பார்த்தவங்க கென்னடி ஜெயிச்சதா சொன்னாங்க, ரேடியோ கேட்டவங்க நிக்ஸன்னு சொன்னாங்க' என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. அதற்குக் காட்டப்படும் முக்கிய ஆதாரம் ஒரே ஒரு கருத்துக்கணிப்பு. அதில் ரேடியோ கேட்டவர்கள் சில நூறு பேர்தான்! அவர்கள் முன்பே நிக்ஸன் ஆதரவாளர்களாக இருந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும், திரும்பத் திரும்பச் சொல்லியே அது சரித்திரமாகிவிட்டது.

ஒரே நாளில் தலைகீழ்

1976 அக்டோபர் 6. அதிபர் ஃபோர்டு, ஜிம்மி கார்ட்டருடன் மோதினார். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கமே இல்லை என்று ஃபோர்டு ஒரு போடு போட்டார். விவாதம் முடிந்த கையோடு கேட்டபோது, 'ஃபோர்டுதான் ஜெயிச்சார்' என்றவர்களே அதிகம். பல பேருக்கு அந்தத் தவறு உறைக்கவே இல்லை. செய்திகளில் அதையே அலசி அலசிக் காட்ட, மறுநாள் மக்களின் தீர்ப்பு கார்ட்டர் பக்கம் சாய்ந்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டு நாளும் விவாதம் என்னவோ ஒன்றுதான்!

பெருமூச்சு விட்ட அல் கோர்

2000 அக்டோபர் 3. ஜார்ஜ் புஷ் பேசப் பேச, அல் கோர் சலிப்போடு பெருமூச்சு விட்டார். உடனடி கணிப்புகளில் கோர்தான் லேசாக முன்னிலை. ஆனால் சேனல்கள் அந்தப் பெருமூச்சுகளையே தொகுத்து ஓட்ட, காமெடி ஷோக்களும் கிண்டலடிக்க, அவர் பேசிய வரி, மருத்துவக் காப்பீடு விஷயமெல்லாம் பின்னால் போய்விட்டது. கடைசியில் ஃப்ளோரிடாவில் வெறும் 537 ஓட்டில் அதிபர் பதவி கைநழுவியது. அதற்குப் பெருமூச்சுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 537 ஓட்டு வித்தியாசத்தில் எதுதான் காரணமாக இருக்காது, சொல்லுங்க?

அப்போ கிளிப் எல்லாமே பொய்யா? அப்படியும் இல்லை. 2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் திணறியதை முழுசா பார்த்தவர்களும் கவனித்தார்கள், கிளிப் பார்த்தவர்களும் கவனித்தார்கள். 24 நாளில் அவர் போட்டியிலிருந்தே விலகினார். கிளிப் உண்மையா, ஊதிப் பெரிசாக்கினதான்னு முழுசா பார்த்தவங்களாலதான் சொல்ல முடியும்.

நீங்களே ட்ரை பண்ணுங்க!

இந்தப் பழைய விவாதங்களின் வீடியோ யூ-டியூபில் கிடைக்குது. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணை முழுசா பாருங்க. முடிஞ்சதும் யார் ஜெயிச்சாங்கன்னு ஆளுக்கொரு சீட்டுல எழுதிடுங்க. அப்புறம் மறுநாள் செய்தி என்ன சொல்லுச்சுன்னு தேடிப் படிங்க. சீட்டை மாத்தி எழுதத் தோணுதா? ஏன்னு உங்களையே கேளுங்க.

ஓட்டுப் போடற வயசு வந்தாச்சு பாஸ்! விரல்ல வைக்கிற மை உங்களுடையது. தீர்ப்பும் உங்களுடையதா இருக்கட்டுமே!