மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஓர் இராச் சாப்பாடு

 

மௌலவிக்குக் குசினியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கட்டுரையை என்னிடமிருந்து எழுதி வாங்கியது ஓர் இளம் சகோதரியின் கேள்விதான்.

வெள்ளவத்தையில் நடந்த பெண்கள் வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின், அந்தப் பிள்ளை மட்டும் தயங்கி நின்றாள். கலியாணம் முடித்து நாலு மாதம். தாய் வீடு வெளியூரில். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். இருப்பது தொடர்மாடியில் இரண்டு அறை. படிக்கிற காலத்தில் உம்மா குசினிப் பக்கமே விடவில்லையாம். இப்போது இரவானால் கடைக் கொத்துதான், இல்லாவிட்டால் பராட்டா. மாதம் 20ஆம் திகதிக்கே சம்பளம் கரைந்துவிடுகிறது. கணவருக்கு வயிற்றெரிச்சல். அடுத்த மாதம் மாமி வந்து தங்கப் போகிறார். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: “சமைக்கத் தெரியாதது குற்றமா ஹஸ்ரத்?”

கண் கலங்கியிருந்தது. ஒரு பருப்புக் கறி தெரியாததற்காக ஒரு பிள்ளை தன்னைக் குற்றவாளியாக எண்ணி அழுவதா என்று எனக்கு மனம் கனத்தது. அவளுக்கு அன்று சொன்னதையும், பிறகு என் வீட்டாரிடம் கேட்டு எழுதிக் கொடுத்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மகளோ மருமகளோ இருக்கக்கூடும்.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களைப் பார்த்தால், சமைப்பதும் துவைப்பதும் நிக்காஹ் ஒப்பந்தத்தால் மனைவி மீது கடமையாவதில்லை. ஊர் வழக்கத்தைப் பொறுத்து அது கடமை என்று கூறிய அறிஞர்களும் உண்டு. ஆனால் இரு சாராருமே குடும்பம் என்பது வழக்காடும் இடம் என்று சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் இரங்கி நடக்கும் இடம் அது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னையார் கூறியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. எனவே, சகோதரிகளே, இந்தப் பக்கத்தை உங்கள் கணவருக்கும் காட்டுங்கள். வெங்காயம் உரிப்பதால் ஓர் ஆணின் கண்ணியம் குறைந்துவிடாது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். திருகைக்கல் சுழற்றிக் கை காய்த்துப்போன பாத்திமா (ரலி) அவர்கள் ஒரு பணியாளைக் கேட்டுத் தந்தையிடம் போனார்கள். நபியவர்கள் அவ்விரவே மகளின் வீட்டுக்கு வந்து, படுக்கைக்குச் செல்லும்போது ஓதும் தஸ்பீஹ், தஹ்மீத், தக்பீரைக் கற்றுக்கொடுத்தார்கள். சுவர்க்கத்துப் பெண்களின் தலைவிக்கும் குசினி வேலை களைப்பைத் தந்தது. ஆகவே களைப்பு வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நேரத்தை அறிந்துகொள்ளுங்கள்

கொழும்பில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம் உண்டு. தொழுகைக்கும் ஓதலுக்கும் அரை மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டாலும் முக்கால் மணித்தியாலம் மீதி. இராச் சாப்பாட்டுக்கு அது தாராளம். உணவு முன்னே வைக்கப்பட்டு இகாமத்தும் சொல்லப்பட்டால் முதலில் சாப்பிடுங்கள் என்று நபியவர்கள் வழிகாட்டியதை அறிவீர்கள். பசியோடு நின்று அடுப்பை நினைத்துத் தொழுவதைவிட, சாப்பிட்டு மன அமைதியோடு தொழுவது மேல்.

பகலில் சோறு சாப்பிடும் வீட்டில் இரவும் சோறும் மூன்று கறியும் வேண்டுமென்பதில்லை. கொழும்பு வீடுகளில் பாணும் இடியப்பமும் இரவுச் சாப்பாடாகிக் கனகாலம். கடையில் வாங்கிய இடியப்பத்துக்கு வீட்டில் ஓர் ஆணம் வைத்தால் அதுவும் வீட்டுச் சாப்பாடுதான். கொத்தில் இருக்கும் எண்ணெயும் மாவும் நாள் தவறாமல் வயிற்றுக்குப் போவதுதான் கேடு.

ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்கி இஞ்சியும் உள்ளியும் அரைத்து ஒரு போத்தலில் போட்டுக் குளிரூட்டியில் வையுங்கள். வெள்ளி வரை தாங்கும். தேங்காய் திருவ நேரமில்லாத நாளுக்குத் தேங்காய்ப்பால் மா ஒரு பைக்கற் இருக்கட்டும். கறிவேப்பிலையும் ரம்பையும் கழுவி, ஈரம் உலர்த்தி மூடி வையுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்து நாளைக்கு ஐந்து சாப்பாடு

திங்கள் – கஞ்சி. சுன்னத்தான நோன்பு பிடிப்பவர்களுக்கு இதுவே இஃப்தாருமாகும். பச்சையரிசி அரைக் கோப்பையைக் கழுவி, 5 கோப்பைத் தண்ணீர், 4 பல் உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ரம்பைத் துண்டு போட்டு அடுப்பில் வையுங்கள். விருப்பமானால் சிறிதாக வெட்டிய கோழித் துண்டுகள் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். இடையிடையே துழாவிக்கொண்டு 35 நிமிடம் வேகவிட்டால் அரிசி குழைந்துவிடும். அரைக் கோப்பைத் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து, ஒரு கொதி வரும்போது இறக்குங்கள்.

செவ்வாய் – சோறும் பருப்பும். மைசூர்ப் பருப்பு 1 கோப்பையைக் கழுவி, இரண்டரைக் கோப்பைத் தண்ணீர், பாதி வெங்காயம், 2 பச்சை மிளகாய், 2 பல் உள்ளி, கால் தேக்கரண்டி மஞ்சள் சேர்த்து வேகவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் மலர்ந்துவிடும். வெந்த பிறகே உப்புப் போடுங்கள். அரைக் கோப்பைக் கட்டிப் பால் விட்டுச் சூடானதும் இறக்கி, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். சோற்றுக்குச் சம்பா அரிசி 1 கோப்பைக்கு 2 கோப்பைத் தண்ணீர்; சிவப்பரிசியானால் இரண்டரை முதல் 3 கோப்பை. ஒவ்வோர் அரிசியும் ஒவ்வொரு விதம். முதல் நாள் குழைந்தால் மறுநாள் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், அவ்வளவுதான்.

புதன் – முட்டைப் பாலாணம், இடியப்பம். 4 முட்டையை 10 நிமிடம் அவித்து உரித்து வையுங்கள். சட்டியில் 1 கோப்பை இரண்டாம் பால், வெட்டிய வெங்காயம், 3 பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலை போட்டு வெங்காயம் மெதுமையாகும் வரை கொதிக்கவிடுங்கள். பிறகு அரைக் கோப்பை முதல் பாலும் உப்பும் சேருங்கள். இங்கேதான் புதியவர்கள் தவறுவது: முதல் பால் விட்ட பின் கொதிக்க விட்டுவிட்டு அப்பால் போகக்கூடாது, திரைந்துவிடும். அடுப்பைத் தணித்து, துழாவிக்கொண்டே நின்று, ஆவி பறக்கும்போது இறக்குங்கள். முட்டையைப் பிளந்து போட்டு, தேசிக்காயை இறக்கிய பிறகே பிழியுங்கள்.

வியாழன் – ஒரு சட்டிக் கோழிச் சோறு. வெள்ளி இரவென்று யாராவது வீட்டுக்கு வரக்கூடிய நாள். அரைக் கிலோ கோழியில் 1 மேசைக்கரண்டி இஞ்சி உள்ளி விழுது, 3 மேசைக்கரண்டி தயிர், 1 தேக்கரண்டி மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புப் பிரட்டி வையுங்கள். பாஸ்மதி அரிசி 2 கோப்பையை ஊறப் போட்டுவிட்டு மஃரிபைத் தொழுங்கள். வந்து சட்டியில் எண்ணெய் விட்டு, கறுவா, 3 ஏலம், 3 கராம்பு, ரம்பை, 2 வெங்காயம் வதக்கி, கோழியைப் போட்டு 10 நிமிடம் கிளறுங்கள். வடித்த அரிசியும் 3 கோப்பைத் தண்ணீரும் தேவையான உப்பும் சேர்த்து, கொதித்ததும் தணலைக் குறைத்து இறுக்கி மூடி 15 நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பின் 10 நிமிடம் மூடியைத் திறக்கவே வேண்டாம். பொறுமைக்கு இங்கும் கூலி உண்டு.

வெள்ளி – டின் மீன், பாண். 425 கிராம் டின் ஒன்றை வடித்து நடுமுள்ளை எடுத்துவிடுங்கள். எண்ணெயில் வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் 2 தக்காளி, 1 தேக்கரண்டி மிளகாய்த்தூள், மஞ்சள் போட்டு மசிய விடுங்கள். மீனைச் சேர்த்து 6, 7 நிமிடம் மெல்லப் பிரட்டி, இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள். டின்னிலேயே உப்பு இருக்கும்; ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். மேலதிகமாக ஒரு தேங்காய்ச் சம்பல் இருந்தால் போதும்.

இந்த ஐந்தும் கைக்கு வர ஒரு மாதம் எடுக்கும். அதுவரை ஆறாவது கறியைத் தேடாதீர்கள். ஒன்றையே நாலு முறை செய்தவர் கைதான் தானாக உப்பை அளக்கும்.

உப்புக் கூடினால்?

உப்புக் கூடும், அடிப்பிடிக்கும். அடிப்பிடித்தால் கிளறாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றுங்கள். கரி மணம் ஏறாது. ஆணத்தில் உப்புக் கூடினால் தண்ணீரும் பாலும் கொஞ்சம் சேர்த்து, உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டு அளவைக் கூட்டுங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விருப்பமானால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். வீட்டில் வேறு ஆணம் இல்லை, காடி மட்டுமே உண்டு என்றபோது அதையே புகழ்ந்து தொட்டு உண்டார்கள். தாடியையும் தொப்பியையும் பேணுகிற நாம், மனைவி முதல் நாள் வைத்த கறிக்கு முகம் சுளித்தால் எந்தச் சுன்னத்தைப் பேணினோம்? மாமிமாரும் இதைச் சிந்திக்க வேண்டும். மருமகள் ஒரு கறி கற்றுக்கொள்வதும், குசினியையே வெறுத்துவிடுவதும் சில வேளை உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது.

நெருப்பும் மூடியும்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல இடங்களில் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்ததை நாம் மறக்கவில்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோம். மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தொடர்மாடியில் விறகும் மூட்ட முடியாமல் எத்தனை வீடுகள் பாணோடும் பிளேன்டியோடும் படுத்தன! அந்த நாட்கள் கற்பித்த சிக்கனத்தை விட்டுவிடாதீர்கள். பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள். சட்டியை மூடிச் சமையுங்கள். சோறு வேக 5 நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடலாம், மிச்சச் சூட்டில் அது வெந்துவிடும்.

தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்காதீர்கள், பாத்திரங்களை மூடுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவதை இந்தச் சுன்னத்தாகவே நினைத்துச் செய்யுங்கள். காஸ் மணம் வந்தால் லைற் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். மீந்த சோற்றை இரவு முழுக்கச் சட்டியிலேயே வைக்காதீர்கள். 2 மணித்தியாலத்துக்குள் ஆற்றி மூடிக் குளிரூட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கியே சாப்பிடுங்கள்.

ஒரு கோப்பை பக்கத்து வீட்டுக்கு

ஆணம் வைத்தால் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டி அயலாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் அயலவர் யார்? ஒரே படிக்கட்டில் இந்துக் குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம், சிங்களக் குடும்பம். 2019 ஏப்ரல் 21இல் கொட்டாஞ்சேனைக்கு அருகே கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் வேறு இடங்களிலும் நடந்த கொடுமைக்குப் பின், திறந்து கிடந்த எத்தனையோ கதவுகள் நம் பக்கமாகச் சாத்தப்பட்டன. அவற்றை அறிக்கைகள் மட்டும் திறந்துவிடாது. வாரத்தில் ஒரு நாள் மூடிய கோப்பையோடு தட்டுங்கள். மாட்டிறைச்சி ஆகாதவர் உண்டு, மரக்கறி மட்டும் உண்பவர் உண்டு. முதலில் கேட்டறிந்து கொடுங்கள். மாசியும் கருவாடும் சேராத பருப்பும் சோறும் பெரும்பாலும் எந்த வீட்டுக்கும் பொருந்தும். புதிதாகச் சமைக்கப் பழகும் பிள்ளையின் முதல் கறியே ஊரை இணைக்கும் கறியாக இருப்பது அல்லாஹ்வின் அருள் அல்லவா?

அந்தச் சகோதரியை அண்மையில் மீண்டும் வகுப்பில் கண்டேன். மாமி வந்து போய்விட்டாராம். பருப்பு இரண்டு தரம் அடிப்பிடித்ததாம், மூன்றாம் தரம் சரியாக வந்ததாம். பாலாணத்துக்கு உப்புக் காணாது என்று மாமி சொன்னாராம். ஆனால் இன்னும் இரண்டு இடியப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். சொல்லும்போது சிரித்தாள். கணவர் இப்போது தேங்காய் திருவுகிறாராம்.

அடுப்பைப் பற்ற வைக்குமுன் பிஸ்மி சொல்லுங்கள். உங்கள் கையால் ஆகும் சோற்றில் அல்லாஹ் பரகத்தை இறக்குவானாக! நம் வீடுகளைப் பசியிலிருந்தும் கடனிலிருந்தும் கடுஞ்சொல்லிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன்.